கபசுரக் குடிநீர்

கபசுரக் குடிநீர் என்பது கபசுரம் எனும் சளிக் காய்ச்சலுக்கெனச் சித்த மருத்துவம் வகுத்த, 15 சரக்குகள் சேர்ந்த கசாயச் சூரணம். இதன் செய்முறை ‘சித்த வைத்தியத் திரட்டு’ நூலில் உள்ளது. 2020-இல் கொரோனா பரவியபோது, ‘ஆரோக்கியம்’ திட்டத்தின் கீழ்த் தமிழ்நாடு அரசு இதை மக்களுக்கு வழங்கியது. பழகிய மருந்தைப் புதிய நோய்க்குப் பயன்படுத்திப் பார்த்த முயற்சிகளுள் தமிழகம் நன்கறிந்தது இதுவே.

சரக்குகளும் செய்முறையும்

சுக்கு, திப்பிலி, கிராம்பு, சிறுகாஞ்சொறி வேர், அக்கரகாரம், முள்ளி வேர், கடுக்காய்த் தோல், ஆடாதோடை, கற்பூரவள்ளி, கோட்டம், சீந்தில், சிறுதேக்கு, நிலவேம்பு, வட்டத்திருப்பி வேர், கோரைக்கிழங்கு ஆகியவற்றை ஒன்றிரண்டாக இடித்து, தண்ணீரில் கொதிக்கவைத்து, நாலில் ஒரு பங்காக வற்றியதும் வடிகட்டிக் குடிப்பார்கள். நாக்கில் நெடுநேரம் நிற்கும் கசப்பு நிலவேம்பினுடையது. தொண்டையில் இறங்கும் காரம் சுக்கும் திப்பிலியும் தருவது.

குமரி மாவட்டத்தில்

இச்சரக்குகளுள் கிராம்பு குமரியின் பெருமை. மாறாமலை, கரும்பாறை, வெள்ளிமலைத் தோட்டங்களில் விளையும் கன்னியாகுமரி கிராம்பு 2021-இல் புவிசார் குறியீடு பெற்றது. மொட்டு விரியுமுன், பச்சை மாறிச் சிவப்பேறும் பதத்தில் பறித்து வெயிலில் காயவைப்பார்கள். அனுமன் சுமந்த சஞ்சீவி மலையின் துண்டு எனக் கருதப்படும் மருந்துவாழ் மலையும், முஞ்சிறை சித்த மருத்துவக் கல்லூரியும், கோட்டாறு அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியும் இங்குள்ள மூலிகை மரபுக்குச் சான்று.

ஆய்வுகள்

நிலவேம்பின் ஆண்ட்ரோகிராபோலைடு, கொரோனா வைரஸ் தன் புரதங்களை நறுக்கிக்கொள்ள உதவும் நொதியைத் தடுப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டின. ஆனால், குடித்த ஆண்ட்ரோகிராபோலைடில் சிறு பங்கே ரத்தத்தில் சேரும்.

தமிழ்நாட்டில் அறிகுறியற்ற 60 தொற்றாளர்களிடம் நடந்த ஆய்வு 2021-இல் வெளியானது. வைட்டமின் சி, துத்தநாகம் உட்கொண்டவர்களைவிடக் கபசுரக் குடிநீர் குடித்தவர்களிடம் வைரஸ் அளவு கூடுதலாகக் குறைந்தது என்றது அது. யார் எதைக் குடிக்கிறார் என்பது மறைக்கப்படாத சிறு ஆய்வு என்பதால், நோய் முற்றுவதையோ மரணத்தையோ இக்குடிநீர் தடுக்கும் என்று அதைக்கொண்டு சொல்ல இயலாது. நிலவேம்பு நிமோனியாவைத் தடுப்பதாகச் சொன்ன தாய்லாந்து முன்பதிப்புக் கட்டுரையொன்று, கணக்குப் பிழையால் அதே ஆண்டு திரும்பப் பெறப்பட்டது.

எச்சரிக்கை

தடுப்பூசிக்கோ மருத்துவமனைச் சிகிச்சைக்கோ இது மாற்றாகாது. நிலவேம்பு இருப்பதால் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். பெரிய, முறையான ஆய்வுகளால் பயனையும் அளவையும் உறுதிசெய்வதே இம்மரபுக்குச் செய்யும் மரியாதை.