புளூ சியர்

புளூ சியர் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1960களின் பிற்பகுதியில் தோன்றிய ராக் இசைக்குழு. ஹார்ட் ராக், ஹெவி மெட்டல் இரண்டுக்கும் முன்னோடிகளில் ஒன்றாகக் கருதப்படுகிறது. தொடக்கத்தில் கூடுதல் பேர் இருந்த இக்குழு பின்னர் மூவராகச் சுருங்கியது: பாட்டும் பேஸ் கிதாரும் டிக்கி பீட்டர்சன், கிதார் லீ ஸ்டீவன்ஸ், டிரம்ஸ் பால் வேய்லி. அந்நகரில் அப்போது புழங்கிய ஒருவகை எல்.எஸ்.டி. போதைப்பொருளின் பெயரையே இவர்கள் வைத்துக்கொண்டார்கள். அந்தப் போதைப்பொருளுக்கோ ஒரு சலவைத்தூளின் பெயர்.

கிரேட்ஃபுல் டெட், ஜெஃபர்சன் ஏர்பிளேன் போன்ற குழுக்கள் கோலோச்சிய ஊர் அது. நாட்டுப்புறப் பாடலின் சாயலும் நிதானமாக நீளும் வாசிப்பும் அங்கே விரும்பப்பட்டன. புளூ சியரோ மார்ஷல் ஆம்ப்ளிஃபயர்களை மேடையில் அடுக்கி, காது அடைக்கும் அளவுக்கு வாசித்தது. ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் மோட்டார் சைக்கிள் கூட்டத்தில் முன்பு இருந்த ஒருவர்தான் குழுவின் மேலாளர்.

முதல் இசைத்தட்டான 'வின்செபஸ் எரப்டம்' 1968 ஜனவரியில் பிலிப்ஸ் நிறுவன வெளியீடாக வந்தது. ஆறே பாடல்கள், ஏறத்தாழ 32 நிமிடம். மூன்று பீட்டர்சன் எழுதியவை. மற்றவை பிறர் பாடல்களின் மறுவடிவங்கள். அவற்றில் 'சம்மர்டைம் புளூஸ்' தனித்துப் பேசவேண்டியது. எடி காக்ரன் 1958இல் பாடிய மூலத்தில், விடுமுறைக்கு ஏங்கும் இளைஞனுக்குப் பெரியவர்கள் கனத்த குரலில் பதில் சொல்லி வாயை அடைப்பார்கள். புளூ சியர் அந்தப் பதில்களை அடியோடு நீக்கிவிட்டு, அவ்விடங்களைக் கருவிகளின் குட்டி வாசிப்புகளால் நிரப்பியது. மூலத்தில் இருந்த நகைச்சுவை போய்விட்டது, கோபம் மட்டும் மிஞ்சியது. பாட்டு பில்போர்டு தனிப்பாடல் பட்டியலில் 14ஆம் இடத்தையும், இசைத்தட்டு அதன் பட்டியலில் 11ஆம் இடத்தையும் பிடித்தன. வாசிப்பில் நேர்த்தி குறைவுதான். சில இடங்களில் மூவரும் மூன்று பக்கம் இழுக்கிறார்கள். ஆனால் உடைந்து சிதறும் அந்தக் கிதார் ஒலியை அமெரிக்க வானொலி அதுவரை அதிகம் கேட்டதில்லை. லெட் செப்பெலின் குழுவின் முதல் இசைத்தட்டு வர இன்னும் ஓராண்டு இருந்தது.

அதே ஆண்டில் வந்த 'அவுட்சைடுஇன்சைடு' இசைத்தட்டின் ஒரு பகுதியைத் திறந்தவெளியில் பதிவு செய்தார்கள். அதன்பின் ஸ்டீவன்ஸ் விலகினார். அடுத்து வந்த கிதார் கலைஞர் ராண்டி ஹோல்டன், 1969இல் வெளியான மூன்றாம் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் வாசித்துவிட்டுப் போனார். ஆட்கள் மாற மாற ஓசையும் தணிந்தது. 1970களின் தொடக்கத்தில் குழு கலைந்தது. முதல் தட்டின் வெற்றியை அவர்கள் மறுபடி எட்டவேயில்லை.

1980களில் பீட்டர்சன் குழுவை மீண்டும் கூட்டினார். கடைசி ஸ்டூடியோ இசைத்தட்டு 2007இல் வந்தது. பீட்டர்சன் 2009 அக்டோபரில் ஜெர்மனியில் காலமானதோடு புளூ சியர் முடிவுக்கு வந்தது.