தேரோடும் வீதியும் மாதா கோயிலும்: சங்கரன்கோவில் வட்டாரத்துக் கத்தோலிக்கப் பங்குகள்

சிற்றூர்ப் பங்கு ஒன்றின் வரலாற்றை எழுத உட்காருபவர்கள் அடிக்கல் நாட்டிய ஆண்டில் தொடங்கி, பங்குத்தந்தையரின் பெயர்ப் பட்டியலோடு முடித்துவிடுவது வழக்கம். வெள்ளிவிழா மலருக்கு அது போதும். சங்கரன்கோவில் வட்டாரத்துக்குப் போதாது. இங்கே கோயில் கட்டுவதற்குமுன் பாளையக்காரரின் தயவு வேண்டியிருந்தது. பின்னொரு காலத்தில், எந்தத் தெருவில் யார் ஊர்வலம் போகலாம் என்ற வழக்கு ஓர் ஊரில் பலரை ஞானஸ்நானத் தொட்டிவரை கொண்டு போனது.

சங்கரன்கோவில் நகரம் சங்கரநாராயணருக்கும் கோமதி அம்மனுக்கும் உரிய ஊர். ஆடித்தபசுக்குக் கூடும் கூட்டமே அதன் அடையாளம். கத்தோலிக்க மறை இந்தக் கோயில் நகரத்தை மையமாக வைத்து வளரவில்லை. சுற்றியுள்ள கரிசல் கிராமங்களில்தான் முதலில் வேர்பிடித்தது. 1606இல் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்து அடித்தளமிட்ட மதுரை மிஷன், 1640 முதல் பண்டாரசாமிகள் என்ற துறவுக் கோலத்துக் குருக்களையும் கிராமங்களுக்கு அனுப்பியது. காவி உடுத்து ஊர் ஊராக நடந்த இவர்களும், இவர்கள் வராத மாதங்களில் செபம் சொல்லிக்கொடுத்த உபதேசியார்களும்தான் தென்பகுதிச் சபைகளைக் கட்டியவர்கள். சபை வரலாறுகள் குருக்களைப் பெயர் சொல்லிக் குறிக்கின்றன. உபதேசியார்களைப் பெரும்பாலும் 'ஓர் உபதேசியார்' என்று கடந்துவிடுகின்றன. நம் ஆய்வின் பெரிய இடைவெளி இதுவே.

வட்டாரத்தின் தாய்க்கோயில் காமநாயக்கன்பட்டி. எட்டையபுரம் பாளையத்துக்கு உட்பட்ட இவ்வூரின் பரலோக மாதா ஆலயம் பழைய மதுரை மிஷனின் முக்கிய நிலையங்களுள் ஒன்று. ஆகஸ்ட் 15இல் நடக்கும் விண்ணேற்புத் திருவிழாவில் தேருக்குப் பின்னால் தரையில் விழுந்து எழுந்து வரும் கும்பிடு சேவையைப் பார்ப்பவர், இது எந்த மதத்து வழிபாடு என்று ஒருகணம் தயங்கக்கூடும். வீரமாமுனிவர் எனப்படும் பெஸ்கி 1711இல் மதுரை மிஷனுக்கு வந்தபின் முதலில் பணியாற்றியது இந்தப் பகுதியில். சங்கரன்கோவிலை அடுத்த குருக்கள்பட்டியில் அவர் பிடிபட்டு, மரண தண்டனை விதிக்கப்பட்டு, உயிர் தப்பினார் என்று சேசு சபைக் குறிப்புகள் சொல்கின்றன, காலம் 1714–15. அவருடைய தேம்பாவணிக் காப்பியம் எழுதப்படுவதற்கு முந்தைய கதை இது. ஒரு பாளையத்தில் ஆதரவு, பக்கத்து எல்லையில் சிறை என்பதுதான் அன்றைய நிலை.

1773இல் சேசு சபை கலைக்கப்பட்டது. அடுத்த அறுபது ஆண்டுகளுக்குமேல் கோவா குருக்களும் உபதேசியார்களும் சபைகளைத் தாங்கினார்கள். 1836இல் ரோம் மதுரை மிஷனை மீண்டும் பிரெஞ்சு சேசு சபையாரிடம் ஒப்படைத்தபோது, போர்ச்சுகல் அரசின் பதுரவாதோ எனும் திருச்சபைப் புரவலர் உரிமையை விடாத கோவா தரப்போடு பல ஊர்களில் மோதல் வந்தது. கோயில் சாவி யாரிடம் என்பதே தகராறு.

ஆனால் இந்த வட்டாரத்தின் திருப்புமுனை 1895இல், சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே உள்ள கழுகுமலையில் நேர்ந்தது. பருத்தி வணிகத்தால் வளர்ந்த நாடார் சமூகத்தார் தங்கள் ஊர்வலங்களைத் தேரோடும் வீதிகளில் நடத்த உரிமை கேட்டார்கள். கழுகாசலமூர்த்தி கோயில் எட்டையபுரம் ஜமீனின் பொறுப்பில் இருந்தது. கேட்டது கிடைக்கவில்லை, நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. அதன்பின் அவர்களில் பலர் கத்தோலிக்க மறையில் சேர்ந்தார்கள். தேர்வீதியிலேயே இருந்த தங்கள் கட்டடம் ஒன்றைச் செபக்கூடமாக்கினார்கள். அந்த ஆண்டுப் பங்குனி உத்திரத் தேரோட்டத்தன்று செபக்கூடத்தின் முன் போட்டிருந்த பந்தல் தேருக்குத் தடையாக நின்றது. பந்தலைப் பிரிப்பதா, தேரை நிறுத்துவதா என்ற வாய்ச்சண்டை கலவரமாயிற்று. ஜமீன் மேலாளர் குத்திக் கொல்லப்பட்டார். நாடார் வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. நான்கே ஆண்டுகளில், 1899இல், நாடார்களைக் குறிவைத்த சிவகாசிக் கொள்ளை. பூமணியின் 'அஞ்ஞாடி' நாவல் இந்த இரண்டு கலவரங்களையும் உள்ளடக்கியது. அது 2014ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது.

கழுகுமலை மதமாற்றத்தை வெறும் தந்திரம் என்று தள்ளும் எழுத்துகள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. தெருவுரிமை கேட்டுப் போனவர்கள்தான், ஐயமில்லை. ஆனால் தெருவில் நடப்பதும் சாமி கும்பிடுவதும் அன்றைக்கு இருவேறு காரியங்களாக இருக்கவில்லை. தேர் எங்கே ஓடுகிறதோ அங்கேதான் மானமும் இருந்தது. கலவரம் ஓய்ந்ததும் பலர் பழைய வழிபாட்டுக்குத் திரும்பியிருந்தால்கூட, ஊரில் பங்கு அழிந்துவிடவில்லை. லூர்து மாதா ஆலயமும் ஆர்.சி. சூசை மேல்நிலைப்பள்ளியும் இன்றும் கழுகுமலையில் இருக்கின்றன.

திருச்சபைக்குள் வந்துவிட்டால் மட்டும் சமத்துவம் கிடைத்துவிட்டதா? அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், வடக்கன்குளம் திருக்குடும்ப ஆலயத்தில், சாதிவாரியாக மக்களைப் பிரித்த சுவர் 1910 வரை நின்றது. குருக்கள் அதை இடித்தபோது வேளாளர் தரப்பு நீதிமன்றம் போய்த் தோற்றது.

இதற்கிடையே நிர்வாக எல்லைகள் ஓயாமல் மாறின. 1846இல் மதுரை அப்போஸ்தலிக்க விகாரியத்து, 1886இல் திருச்சிராப்பள்ளி மறைமாவட்டம், 1923இல் தூத்துக்குடி தனியே பிரிந்தபோதும் இந்த வடபகுதி திருச்சியோடு தங்கியது, 1938இல் மதுரை, 1973 மே 17இல் பாளையங்கோட்டை. ஒரே கிராமத்துக் குடும்பத்தில் தாத்தா திருச்சி ஆயரிடமும், மகன் மதுரை ஆயரிடமும், பேரன் பாளையங்கோட்டை ஆயரிடமும் உறுதிப்பூசுதல் பெற்றிருக்கலாம். மூவரும் வீடு மாறியிருக்க மாட்டார்கள். அரசின் கோடுகள் வேறு திசையில் போயின. 1986இல் கழுகுமலையும் காமநாயக்கன்பட்டியும் தூத்துக்குடி மாவட்டத்துக்குப் போயின. 2019 நவம்பரில் சங்கரன்கோவில் தென்காசி மாவட்டத்தில் சேர்ந்தது. பங்குகள் மட்டும் பாளையங்கோட்டை ஆயரின் கீழ் ஒன்றாகவே இருக்கின்றன.

நகரத்துப் பங்கின் எடை கூடியது இந்த மாற்றங்களுக்கு நடுவில்தான். விருதுநகர்–தென்காசி ரயில் பாதை 1927இல் திறந்தபின் சங்கரன்கோவில் சந்தைக்கும் நெசவுக்கும் பிழைப்புத் தேடி வருவோருக்கும் வழியானது. கிராமத்துக் கிறிஸ்தவர் நகரத்துக்குக் குடிவந்தபோது தம் பாதுகாவலர் திருவிழாவை விட்டுவிடவில்லை. சப்பரத்துக்கும் அசனத்துக்கும் ஊர் திரும்புகிறார்கள். எனவே நகரப் பங்கின் உறுப்பினர் பட்டியலை மட்டும் வைத்து அதன் வரலாற்றை எழுத முடியாது.

மதுரை மிஷன் கடிதங்கள் கொடைக்கானல் செண்பகனூர் ஆவணக்காப்பகத்தில் ஒழுங்காக இருக்கின்றன. அவற்றில் குரல் குருக்களுடையது. மக்களின் பெயர்கள் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளில்தான் கிடைக்கும். அடுத்த விழா மலருக்கு நிதி திரட்டும் பங்குப் பேரவையினர், அந்தத் தொகையில் ஒரு பங்கை இந்தப் பழைய பதிவேடுகளைப் படமெடுத்துப் பாதுகாக்க ஒதுக்கவேண்டும். கரையான் அடுத்த விழாவரை காத்திருக்காது.