பச்சை நாடாவுக்குக் கதை கிடையாது

இன்னைக்கு பாஸ்தா. அதுலயும் பாலக் கீரை கலந்து செய்யற பச்சை நாடா பாஸ்தா, இத்தாலிக்காரங்க பாஷையில தாலியதெல்லே வெர்தி. (இந்தக் கீரையைப் பசலைன்னு மொழிபெயர்க்கிறாங்க. பசலை ஒரு கொடி, அது வேற செடி.) ஊர், வட இத்தாலியின் போலோன்யா.

தாலியதெல்லே எப்படி வந்ததுன்னு தேடினா முதல்ல மாட்டுறது ஒரு கல்யாணக் கதை. 1487-ல் லுக்ரேசியா என்ற மணப்பெண்ணின் பொன்னிறக் கூந்தலைப் பார்த்து மயங்கிய செஃபிரானோ என்ற சமையல்காரர், மாவை அதே மாதிரி நீள நீளமா வெட்டினாராம். மணப்பெண் லுக்ரேசியா போர்ஜியான்னே சில இடத்துல எழுதியிருக்காங்க. போர்ஜியா பிறந்தது 1480. ஏழு வயசு! அந்த வருஷம் போலோன்யாவுக்கு மருமகளா வந்தது லுக்ரேசியா தெஸ்தே. கூந்தல் கதையைக் கட்டிவிட்டது அகுஸ்தோ மயானி என்ற உள்ளூர் ஓவியர், நகைச்சுவைக்காரர். வருஷம் 1931. ஒருத்தர் அடிச்ச ஜோக், வரலாறா நின்னுடுச்சு.

அடுத்தது எனக்குப் பிடிச்ச பகுதி. 1972 ஏப்ரல் 16 அன்று போலோன்யா வணிகச் சபையில் தங்கத்தால் செய்த ஒரு தாலியதெல்லாவைப் பதிவு பண்ணி வெச்சாங்க. வெந்த பிறகு அகலம் 8 மில்லிமீட்டர். ஊர் நடுவே நிக்கிற அசினெல்லி கோபுரத்தின் உயரத்தில் 12,270-ல் ஒரு பங்கு. கோபுரம் சுமார் 97 மீட்டர். வகுத்துப் பாருங்க, 7.9 வருது. ரவுண்ட் ஆஃப் பண்ணியிருக்காங்க!

இந்த அமர்க்களம் எல்லாம் மஞ்சள் நாடாவுக்குத்தான். பச்சைக்குக் கூந்தலும் இல்லை, தங்கமும் இல்லை. ஆனா சமையல் குறிப்பு இருக்கு. பெல்லெக்ரினோ அர்தூசி என்ற பட்டு வியாபாரி 1891-ல் சொந்தக் காசில் அச்சிட்டு, பிறகு வருஷக்கணக்கா வளர்த்த சமையல் நூலில் பச்சைத் தாலியதெல்லேயும் இடம்பிடிச்சிருக்கு. முழுக்க முட்டையிலேயே பிசைஞ்சதைவிட இது லேசு, சுலபமா செரிக்கும்னு அவர் பரிந்துரை. என்னைக் கேட்டா, கூந்தல் கதையைவிட இந்த ஒரு வரிதான் நம்பகமான சாட்சி. கீரையில ஈரம் இருக்கு. அது முட்டையின் வேலையில கொஞ்சத்தை வாங்கிக்குது. அடுப்படியில நின்னவங்களுக்குத் தெரிஞ்ச கணக்கு இது.

வேலை முழுக்க பிழியறதுலதான். கீரையை வேகவெச்சு, ஆறவெச்சு, துணியில கட்டி முறுக்கிப் பிழியணும். தண்ணி நின்னா மாவு கையில ஒட்டும். இன்னும் மாவைக் கொட்டுவீங்க, நாடா ரப்பர் ஆகிடும். பிழிஞ்சதைப் பொடியா அரிஞ்சு முட்டை, மைதாவோட பிசைஞ்சு, அரை மணி நேரம் மூடி வெச்சுட்டுத் தேய்ங்க. பச்சையா இருக்கிற நாடா ரெண்டு மூணு நிமிஷத்துல வெந்துடும். கீரை வாசனை பலமா வரும்னு எதிர்பார்க்காதீங்க, நிறம்தான் தூக்கலா இருக்கும்.

மஞ்சளும் பச்சையும் கலந்து பரிமாறினா அதுக்குப் பேரு பாலியா எ ஃபியேனோ. வைக்கோலும் காய்ஞ்ச புல்லும்னு அர்த்தம். மாட்டுத் தீவனத்தோட பேரு! வெண்ணெய், கிரீம், கொஞ்சம் பன்றித் தொடைக்கறி, மேல பார்மஜானோ. போதும்.