நவம்பர் யாருக்கு?

ஐக்கிய அமெரிக்காவின் வடபகுதியில், பேரேரிகளை ஒட்டி அமைந்த மாநிலம் விஸ்கான்சின். பாலுக்கும் பாலாடைக்கட்டிக்கும் பேர்போனது. அம்மாநிலத்தில் 72 கவுண்டிகள் உண்டு; கவுண்டி என்பதை நம் மாவட்டம் போன்ற ஒரு பிரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை மாலை, இந்த 72 இடங்களிலும் ஒரே நேரத்தில் பொதுமக்கள் கூடுவது வழக்கம். மீன்பிடிப்பு, வேட்டை ஆகியவற்றின் விதிகளில் என்ன மாற்றம் செய்யலாம் என்ற வினாத்தாளை வாங்கி, ஒவ்வொரு கேள்விக்கும் ஆம், இல்லை என்று வாக்களிப்பார்கள். அண்மை ஆண்டுகளில் இணையத்தின் வழியாகவும் வாக்களிக்கிறார்கள். 1934இல் தொடங்கிய ஏற்பாடு இது. இந்த வாக்கு அரசைக் கட்டுப்படுத்தாது; ஆலோசனை மட்டுமே. ஆயினும் அதை அலட்சியம் செய்வது எந்த அதிகாரிக்கும் எளிதல்ல.

இக்கூட்டங்களில் மிகுந்த சூட்டைக் கிளப்பும் பொருள் மான். அதிலும், மான் வேட்டைக்கான நாள்களை முன்னே பின்னே நகர்த்தலாம் என்ற பேச்சு எழுந்துவிட்டால் முதலில் எழுந்து நிற்பவர்கள் வில்லாளிகள். ஆம், துப்பாக்கி பெருகிய அந்த நாட்டில் வில்லும் அம்பும் கொண்டு வேட்டையாடுவோர் இன்றும் இலட்சக்கணக்கில் இருக்கிறார்கள்! 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பிறகு மானைக் கொல்வது கடுங்குற்றமாகிவிட்ட நம் நாட்டு வாசகருக்கு இது விந்தையாகப்படலாம். ஆனால் இந்தத் தகராறின் உள்ளே உயிரியலும் பௌதிகமும் கொஞ்சம் கணிதமும் ஒளிந்திருக்கின்றன.

முதலில் நாள்காட்டியைப் பார்ப்போம். நம் காடுகளில் திரியும் புள்ளிமானுக்கு இணைசேர்வதற்கென்று கண்டிப்பான மாதம் கிடையாது. ஒரே மந்தையில் முற்றிய கொம்புள்ள ஆண் ஒன்றையும், அப்போதுதான் கொம்பு முளைக்கும் ஆண் ஒன்றையும் நீங்கள் சேர்த்துக் காணலாம். விஸ்கான்சினின் வெள்ளைவால் மான் அப்படியன்று. உறைபனிக்காலத்தில் பிறக்கும் குட்டி பிழைக்காது. குட்டி மே இறுதியிலோ ஜூனிலோ பிறக்க வேண்டும். கர்ப்பகாலம் சுமார் 200 நாள். ஆகவே கருவுறுதல் நவம்பரில் நிகழ்ந்தாக வேண்டும். இலையுதிர்காலத்தில் பகல் குறுகி இரவு நீள நீள, மூளையிலுள்ள பீனியல் சுரப்பி மெலட்டோனின் என்ற பொருளை அதிக நேரம் சுரக்கிறது. அதுவே மானின் உடலுக்கு மாதத்தைச் சொல்லும் கடிகாரம். குளிர் முந்தினால் இணைசேரும் பருவமும் முந்தும் என்று பல வேட்டைக்காரர்கள் நம்புகிறார்கள். கருவிலிருக்கும் குட்டிகளை அளந்து பார்த்தவர்கள் அப்படிக் காணவில்லை. ஆண்டுக்கு ஆண்டு அது ஏறத்தாழ அதே நாள்களில்தான் வருகிறது.

அந்தச் சில வாரங்களில் ஆண் மானின் போக்கே மாறிவிடும். மற்ற மாதங்களில் பெரும்பாலும் இருளில் நடமாடும் எச்சரிக்கைப் பிராணி, இப்போது பட்டப்பகலில் பெண் மானைத் தேடி மைல்கணக்கில் அலையும். துப்பாக்கிக்காரனுக்கு இது ஒரு வசதி. வில்லாளிக்கோ ஏறத்தாழ இது ஒன்றுதான் வாய்ப்பு.

ஏன் என்று கேட்கிறீர்களா? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய மரவில்லிலிருந்து கிளம்பும் அம்பின் வேகம் விநாடிக்குச் சுமார் 60 மீட்டர். ஒலியின் வேகமோ 340 மீட்டர். மான் 20 மீட்டர் தொலைவில் நின்றால் நாணின் ஒலி ஏழு நூற்றுமேனிக்கும் குறைவான விநாடியில், அதாவது 0.06 விநாடியில், அதன் காதை எட்டிவிடும். அம்பு போய்ச் சேர 0.33 விநாடி ஆகும். இடையிலுள்ள கால் விநாடி, மிரண்ட மான் உடலைத் தாழ்த்திப் பாய்வதற்குப் போதும். துப்பாக்கிக் குண்டு ஒலியைவிட வேகமானது. சத்தம் கேட்பதற்கு முன்பே வேலை முடிந்துவிடும். மேலும், குண்டு அதிர்ச்சியால் கொல்கிறது. அம்பு இரத்தம் வடியச் செய்து கொல்கிறது. ஆகையால் சரியான இடத்தில் தைக்காவிட்டால் பயனில்லை. எனவே வில்லாளிக்கு வேண்டியது நெருங்கி வரும், மிரளாத மான். ஊரெங்கும் வெடிச்சத்தம் கேட்டு மிரண்ட மான்கள் பகலில் அசையமாட்டா. துப்பாக்கிக் காலத்தை ஒரு வாரம் முன்னால் தள்ளினால் என்ன நட்டம் என்று கேட்பவர்களுக்கு வில்லாளிகள் சொல்லும் பதில் இதுதான்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1900ஐ ஒட்டி, நாடு முழுவதிலும் எஞ்சியிருந்த வெள்ளைவால் மான்கள் சுமார் ஐந்து இலட்சம் என்பது மதிப்பீடு. காடழிப்பும் இறைச்சிச் சந்தைக்கான வேட்டையும் மற்றவற்றை விழுங்கிவிட்டன. அதே ஆண்டில் வந்த லேசி சட்டம், முறைகேடாகக் கொன்ற விலங்குகளை மாநிலம் விட்டு மாநிலம் கடத்துவதைத் தடைசெய்தது. விஸ்கான்சின் மேலும் ஒருபடி சென்று, 1925 முதல் 1935 வரை ஒற்றைப்படை ஆண்டுகளில் மான் வேட்டையே கூடாது என்று விதித்தது.

இதே காலத்தில், செத்துப்போன ஒரு கலைக்கு உயிர் வந்துகொண்டிருந்தது. 1911இல் கலிபோர்னியாவின் ஓரோவில் என்ற ஊரருகே, யாஹி என்னும் பழங்குடியில் எஞ்சிய கடைசி மனிதர் காட்டிலிருந்து வெளியே வந்தார். அவரை இஷி என்று அழைத்தார்கள். சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் தங்கவைக்கப்பட்ட அவரிடம், அருகிலிருந்த மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர் ஸாக்ஸ்டன் போப் வில் செய்யவும் எய்யவும் கற்றார். இஷி 1916இல் காசநோயால் இறந்தார். போப் 1923இல் வில்வேட்டை பற்றி எழுதிய நூல் இளைஞர் பலரைப் பிடித்துக்கொண்டது. ஓர் இனத்தையே அழித்த சமுதாயம், அவ்வினத்தின் கடைசி மனிதரிடமிருந்து தன் பொழுதுபோக்கைப் பெற்றது என்பதை நாம் கவனிக்காமல் போக முடியாது.

விஸ்கான்சினில் இதைப் பற்றிக்கொண்டவர் ராய் கேஸ். 1930இல், துப்பாக்கிக் காலத்திலேயே, வில்லால் ஓர் ஆண் மானை வீழ்த்திக் காட்டினார். பிறகு வில்லுக்கெனத் தனி நாள்கள் கேட்டு அதிகாரிகளை விடாமல் துரத்தினார். அவருக்கு வாய்த்த பெரிய துணை ஆல்டோ லியோபோல்டு. வனவிலங்கு மேலாண்மையை ஒரு விஞ்ஞானமாக வகுத்த இவர், 1933இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியரானவர். தாமே வில் செதுக்கியவர். அவர் மனைவி எஸ்டெல்லா மாநில வில்வித்தைப் போட்டிகளில் முதலிடம் பெற்றவர்! 1934இல் சாக், கொலம்பியா ஆகிய இரு கவுண்டிகளில் மட்டும் வில்லுக்கெனத் தனிக் காலம் திறக்கப்பட்டது. நவீன அமெரிக்காவில் இதுவே முதல். அவ்வாண்டு வில்லுக்கு விழுந்த மான் ஒன்றே ஒன்று.

இந்த 'ஒன்றே ஒன்று' முக்கியம். வில்லாளிகளுக்குத் தாராளமாக நாள்களைக் கொடுத்தால் மானினத்திற்கு எந்தக் கேடும் வராது. ஏனெனில் அவர்களால் கொல்லவே முடிவதில்லை. தனிப் பருவம் என்ற உரிமை இந்த அடிப்படையில்தான் வளர்ந்தது. செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி வரை நீளும் மூன்றரை மாதம் வில்லுக்குக் கிடைத்தது. துப்பாக்கிக்கு நவம்பர் பிற்பகுதியில் ஒன்பது நாள் என்பது மரபாயிற்று.

மான் தொகை மெல்ல ஏறி, பிறகு மளமளவென்று ஏறியது. ஓநாய் இல்லை, வெட்டிய காடுகளில் தளிர் மிகுதி. 1940களின் தொடக்கத்திலேயே குளிர்காலத்தில் மான்கள் பட்டினியால் சாவதை லியோபோல்டு கண்டார். பெண் மான்களையும் குறைத்தாக வேண்டும் என்றார். 1943இல் அப்படியே அனுமதித்தார்கள். ஒரே பருவத்தில் 1,28,000 மான்களுக்கு மேல் விழுந்தன. மக்கள் கொதித்தார்கள். லியோபோல்டைத் திட்டுவதற்கென்றே ஒரு பத்திரிகை நடந்தது. விதியை மாற்றப் போகிறோம் என்று ஒரு விஞ்ஞானி சொன்னால் சந்தேகப்படும் பழக்கம் அங்கே அன்றே வேரூன்றிவிட்டது.

அடுத்த திருப்பம் மிசௌரி மாநிலத்தில் ஹோலிஸ் வில்பர் ஆலன் என்பவரின் பட்டறையில் நிகழ்ந்தது. சாதாரண வில்லில் நாணை எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு பாரம் கூடும். முழுதும் இழுத்த நிலையில் பாரம் உச்சத்தில் இருக்கும். குறிபார்ப்பதற்குள் கை நடுங்கிவிடும். ஆலன் வில்லின் இரு முனைகளிலும் மையம் விலகிய கப்பிகளைப் பொருத்தினார். கப்பி சுழன்று ஒரு கட்டத்தைக் கடந்ததும் கைக்குத் தெரியும் பாரம் இறங்கியது. ஆற்றல் குறையவில்லை, பிடித்து நிற்பது மட்டும் எளிதாயிற்று. 1969இல் காப்புரிமை கிடைத்தது. இந்தக் கூட்டுவில் வந்தபின், ஆண்டுக்கணக்கில் பழகவேண்டிய வித்தை சில மாதங்களில் கைவந்தது. 2000ஆம் ஆண்டை ஒட்டி விஸ்கான்சினில் வில் உரிமம் பெற்றவர்கள் சுமார் இரண்டரை இலட்சம் பேர். அவ்வாண்டு அவர்கள் எய்த மான்கள் எண்பதாயிரத்துக்கும் மேல். ஒன்று எங்கே, எண்பதாயிரம் எங்கே!

அதே ஆண்டில் எல்லா ஆயுதங்களுக்கும் சேர்த்து ஆறு இலட்சத்துக்கு மேல் மான்கள் வீழ்ந்தும், அதிகாரிகளுக்குப் போதவில்லை. மரக்கன்றுகள் தலைதூக்காமல் மேயப்படுகின்றன. சாலைகளில் மானும் காரும் மோதுகின்றன. ஆகவே புதுப் புது விதிகள் வந்தன. 1996 முதல் சில பகுதிகளில் அக்டோபரிலேயே நான்கு நாள் துப்பாக்கி வேட்டை, கொம்பில்லாத மானுக்கு மட்டும். வேறு சில பகுதிகளில், முதலில் ஒரு கொம்பில்லாத மானைக் கொன்றால்தான் கொம்புள்ளதைத் தொடலாம் என்ற விதி. பின்னது பெரும் வெறுப்பைச் சம்பாதித்து 2011இல் சட்டத்தாலேயே ஒழிக்கப்பட்டது. ஒன்பது நாளை நீட்டலாம் என்ற யோசனையும் அவ்வப்போது தலைகாட்டும். துப்பாக்கி நாள்களில் வில்லாளியும் பளிச்சென்ற நிறத்தில் உடை அணியவேண்டும். இலைநிற உடையில் மரத்தோடு மரமாக ஒளிந்திருப்பதே தம் தொழில் என்று நினைப்பவர்களுக்கு இது எப்படி இருக்கும்! வில், அம்பு விற்பனை மீதும் 11 சதவீத வரி விதித்து, அதை வனவிலங்குப் பணிக்குத் தர 1972இல் சட்டம் வந்தது. ஆகவே 'நாங்களும் பணம் கட்டுகிறோம்' என்பதும் அவர்கள் வாதம்.

இன்னொரு சச்சரவு எண்ணிக்கையைப் பற்றியது. காட்டிலுள்ள மானை யார் எண்ணுவது? விஸ்கான்சின் நிபுணர்கள் பல்லைப் பார்த்தார்கள். ஒன்றரை வயது மானின் மூன்றாம் முன்கடைவாய்ப்பல் பால்பல்லாக இருந்தால் அதற்கு மூன்று முகடுகள். விழுந்து முளைத்த பல்லுக்கு இரண்டே. கொல்லப்பட்ட வளர்ந்த ஆண் மான்களில் ஒன்றரை வயதுடையவை எத்தனை பங்கு என்று தெரிந்தால், ஆண்டுக்கு எத்தனை பங்கு சாகிறது என்று கணிக்கலாம். அதிலிருந்து ஆண்களின் தொகை, அதிலிருந்து பெண்கள், குட்டிகள் என்று ஏணியேறுவார்கள். அழகான முறைதான். ஆனால் வேட்டைக்காரர்கள் இளம் ஆண்களை வேண்டுமென்றே விட்டுவிடத் தொடங்கினால் கணக்கு பிசகும். வில்லாளிகளில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனவே 'உங்கள் எண் தவறு' என்று அவர்கள் சொல்லும்போது, அது வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது.

குறுக்குவில் வந்தபோது அவர்களுக்குள்ளேயே பிளவு ஏற்பட்டது. துப்பாக்கி போலத் தோளில் வைத்து, விசையைத் தட்டி எய்யும் வில் அது; நாணை இழுத்துப் பிடித்து நிற்க வேண்டியதே இல்லை. முன்பு உடற்குறை உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் மட்டும் அனுமதித்த விஸ்கான்சின், 2014இல் அதை எல்லோருக்கும் திறந்துவிட்டது. சில ஆண்டுகளுக்குள் குறுக்குவில்லுக்கு விழும் மான்கள் சாதாரண வில்லுக்கு விழுபவற்றை மிஞ்சின. குறுக்குவில்லின் நாள்களைக் குறைக்கவேண்டும் என்று பழைய வில்லாளிகள் கோரினார்கள். அவர்கள் முன்வைத்த காரணம், 'இது மிக எளிதாகக் கொல்கிறது' என்பது. மரவில்லாளிகள் கூட்டுவில்லைப் பார்த்துச் சொன்னதும் அதுவே! நவம்பரின் அமைதி வேண்டும் என்ற கோரிக்கையில் நியாயம் உண்டு. அதற்கு உயிரியலின் ஆதரவும் உண்டு. ஆனால் ஆற்றலின்மையைக் காட்டிப் பெற்ற மூன்றரை மாதத்தை, ஆற்றல் பெருகிய பின்னும் அதே காரணத்தைச் சொல்லிக் காப்பது கடினம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதற்கிடையே 2002 பிப்ரவரியில் புதிய கவலை வந்து சேர்ந்தது. மானை மெலியவைத்துக் கொல்லும் 'நாள்பட்ட மெலிவு நோய்' விஸ்கான்சினில் கண்டுபிடிக்கப்பட்டது. 1967இல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களிடம் முதலில் காணப்பட்ட நோய் இது. கிருமியால் அன்று, பிரியான் என்ற உருத்திரிந்த புரதத்தால் பரவுகிறது, மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும், மருந்து இல்லை. மான்கள் ஓரிடத்தில் மூக்கோடு மூக்கு உரசக் கூடாதென்று, நோயுள்ள கவுண்டிகளில் தீனி வைத்து மானை வரவழைப்பது தடைசெய்யப்பட்டது. வேட்டை நாள்களை நீட்டி மந்தையைக் குறைக்கும் பேச்சும் மீண்டும் வலுத்தது. இப்போது பல இடங்களில் சாலையோரம் பெட்டிகள் வைக்கப்பட்டுள்ளன. மானை வீழ்த்தியவர்கள் தலையை வெட்டி அதில் இட்டு, எங்கே எய்தோம் என்று சீட்டில் குறித்துச் செல்கிறார்கள். நிணநீர்க் கணுக்களைச் சோதித்து முடிவு வரும்வரை இறைச்சி வீட்டுக் குளிர்ப்பெட்டியில் காத்திருக்கும். நவம்பர் இறுதி வரை துப்பாக்கிகள் பெரும்பாலும் ஓய்ந்திருப்பதால், செப்டம்பரிலும் அக்டோபரிலும் அப்பெட்டிகளுக்கு வரும் தலைகளில் பெரும்பாலானவை வில்லாளிகள் கொண்டுவந்து போடுபவையே.