உயர்தர சைவ உணவகமும் ஏ.சி. ஹாலும்

நம்ம ஊர்ல பாதி ஹோட்டல் போர்டுல "உயர்தர சைவ உணவகம்"னு எழுதியிருக்கும், பாத்திருப்பீங்க. "சுமார்தர உணவகம்"னு யாரும் போர்டு வைக்கிறதில்ல :-) அப்ப அந்த "உயர்தர"ங்கிற வார்த்தை எதை விக்குது? பி.காம் படிச்சிட்டு பேங்க்ல குப்பை கொட்டுறவனுக்கு இப்படித்தான் கேள்வி வரும்.

அமெரிக்காக்காரங்க இதை "அப்ஸ்கேல் கேஷுவல்"னு சொல்றாங்க. நட்சத்திர ஹோட்டல் மாதிரி மிரட்டாது, மெஸ் மாதிரி இடிபடவும் வேண்டாம். 1965-ல நியூயார்க்ல ஆலன் ஸ்டில்மன் ஆரம்பிச்ச டிஜிஐ ஃப்ரைடேஸ், இளைஞர்களும் பெண்களும் கூச்சமில்லாம வந்து உக்காரணும்னே திறந்த கடை. நம்ம ஆளுங்க பேர் வைக்காமலே அதுக்கு முன்னாடியே இதைப் பண்ணிட்டாங்க.

உடுப்பிப் பக்கத்துலேர்ந்து மெட்ராஸ் வந்த கே. கிருஷ்ணராவ், 1930-களோட கடைசியில ராயப்பேட்டையில உட்லண்ட்ஸ் ஆரம்பிச்சார். 1962-ல டிரைவ்-இன் வந்துச்சு. கார்லயே தட்டு வரும். ஒரு காபி வாங்கிட்டு மணிக்கணக்கா மரத்தடியில பேசலாம், யாரும் விரட்டமாட்டாங்க. 2008-ல மூடினாங்க. அந்த இடத்துல இப்ப செம்மொழிப் பூங்கா.

ஆனா எல்லாருக்கும் எல்லா ஹோட்டல்லயும் நாற்காலி கிடைச்சதான்னா, இல்ல. போர்டுல "பிராமணாள்"னு போட்ட காலம் அது. 1957-ல பெரியாரோட திராவிடர் கழகம் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னாடி மாசக்கணக்கா மறியல் பண்ணி, அந்த வார்த்தை போர்டை விட்டுப் போச்சு. நம்ம ஹோட்டல் சரித்திரத்துல ருசியை விடப் பெரிய விஷயம் இதுதான்.

அடுத்த திருப்பம் 1981. கே.கே. நகர்ல மளிகைக்கடை வச்சிருந்த பி. ராஜகோபால் சரவண பவன் ஆரம்பிச்சார். சுத்தமான மேசை, எந்தக் கிளைக்குப் போனாலும் அதே சாம்பார், குடும்பத்தோட உக்கார இடம். மாசச் சம்பளக்காரன் பொண்டாட்டி பிள்ளையோட பயமில்லாம நுழையலாம். (அவர் ஒரு கொலை வழக்குல ஆயுள் தண்டனை பெற்றதும், 2019-ல உச்ச நீதிமன்றம் அதை உறுதி செஞ்சதும், அந்த வருஷமே அவர் இறந்ததும் இதே சரித்திரத்தோட இன்னொரு பக்கம். மறைக்க வேண்டியதில்ல.)

கணக்கும் இதுக்குத் தோது. சாப்பிட்டவர் காசை உடனே தர்றார், அரிசிக்கடைக்காரருக்கு அப்புறம் கொடுத்தா போதும். டிபன்னா ஒரே மேசையில ஒரு வேளைக்குப் பல பேர் உக்காந்து எழுந்துடலாம். நல்ல நாற்காலி, குளிர்ந்த காத்துன்னு சேர்த்தா அதே தோசைக்குக் கூடுதல் விலை வைக்கலாம். மாவு செலவு ஏறல, இருக்கைக்குத்தான் காசு.

அந்த இருக்கை எங்க ஊர்க்காரங்களுக்கு என்னன்னு சொல்றேன். நான் சாந்தன்பாறை. 1956-ல தேவிகுளம், பீர்மேடு கேரளத்தோடவே நின்னுட்டதால, நாங்க பேச்சுல தமிழ்நாடு, ரேஷன் கார்டுல கேரளா. ஏலக்காய்க் காட்டுல வேலை செஞ்ச அப்பாவுக்கும் அம்மாவுக்கும் டவுன்னா போடிமெட்டு இறங்கி போடிநாயக்கனூர்தான். மதுரைக்குப் போன ஒரு தடவை ஒரு ஹோட்டல்ல ஏ.சி. ஹால் கதவைத் தள்ளினோம். அப்பாவோட வேட்டியைப் பாத்த சர்வர், "அண்ணே, அங்க ரேட் ஜாஸ்தி, இங்க ஃபேன் போட்டிருக்கு பாருங்க"ன்னார். அவர் நல்ல மனசோட சொல்லியிருக்கலாம். ஆனா அம்மா அன்னிக்கு ரெண்டு இட்லிக்கு மேல வேணாம்னுட்டாங்க.

ஜாதி போர்டு போன இடத்துல விலைப்பட்டியல் வந்து உக்காந்துச்சுன்னு பின்னாடி புரிஞ்சுது. அரசாங்கமே அந்தக் கோட்டைப் போட்டதும் உண்டு. 2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்தப்ப ஏ.சி. இல்லாத ஹோட்டலுக்கு 12 சதவீதம், ஏ.சி. ஹோட்டலுக்கு 18. நவம்பர்ல பெரிய நட்சத்திர ஹோட்டல் தவிர எல்லாருக்கும் 5 ஆக்கிட்டாங்க. ஆனா வாங்கின பொருளுக்குக் கட்டின வரியைக் கழிச்சுக்க முடியாது.

இப்ப நாம இருக்கிற ஊர்கள்ல இதே ஹோட்டலுக்கு வேற அர்த்தம். சிங்கப்பூர் சிராங்கூன் ரோடு கோமள விலாஸ் 1947-லேர்ந்து இருக்கு. சரவண பவன் 2000-ல துபாய் வந்துச்சு. இங்க வெள்ளிக்கிழமை... மன்னிக்கணும், 2022-லேர்ந்து லீவு சனி ஞாயிறுதான் :-) அன்னிக்குப் போய்ப் பாருங்க. லேபர் கேம்ப்லேர்ந்து வந்த தம்பியும் ஆபீஸ் மேனேஜரும் அடுத்தடுத்த மேசையில. ஊர்ல இது இன்னும் சுலபமில்ல. 2022-ல சாந்தன்பாறை கள்ளிப்பாறையில குறிஞ்சி பூத்தப்ப கூட்டம் கூட்டமா ஜனம் வந்துச்சு. மலைப்பாதையில கடைகளும் பெருகுது. கீழேயிருந்து ஜீப்ல ஏறி ஏலக்காய் பறிக்க வர்றவங்க சோறு இன்னும் தூக்குவாளியிலதான்.

பிள்ளைங்களை நல்ல ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போங்க, தப்பே இல்ல. அந்த நாற்காலிக்கு ஒரு மறியலும் பல வருஷமும் ஆச்சுங்கிறதையும் தோசை வர்றதுக்குள்ள சொல்லிடுங்க.