தலையெழுத்தும் தேவசித்தமும்

பிள்ளை தேர்வில் தவறினாலும், பயிர் கருகினாலும், கட்டிக்கொடுத்த மகள் கண்ணீரோடு பிறந்தகம் திரும்பினாலும், தமிழர் வாயில் முதலில் வரும் சொல் தலையெழுத்து. கத்தோலிக்கராகிய நாமும் அதையே சொல்கிறோம். கோயில் வாசலில் நிற்கும்போது மட்டும் நினைவு வந்து, 'தேவசித்தம்' என்று திருத்திக்கொள்கிறோம். சொல் மாறியதே தவிர, சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு அமரும் வழக்கம் மாறவில்லை. அப்படியானால் இவ்விரு சொற்களும் ஒரே பொருளுடையனவா? மனிதனுக்குச் சுதந்திரமான மனம் உண்டு என்று சின்ன வயதிலேயே ஞானோபதேசத்தில் கற்ற நாம், அக்கல்வியை எங்கே வைத்துவிட்டோம்?

இக்கேள்விக்குத் தமிழகத் திருச்சபையில் நானூறு ஆண்டு வரலாறு உண்டு. அவ்வரலாறு பழனிமலையில், கொடைக்கானலைச் சேர்ந்த இரண்டு ஊர்களையும் தொட்டுச் செல்கிறது. ஒன்று, இயேசு சபையார் 1895-இல் திரு இருதயக் கல்லூரியை நிறுவிய செண்பகனூர். மற்றொன்று, அன்னை தெரேசா மகளிர் பல்கலைக்கழகம் அமைந்துள்ள அட்டுவம்பட்டி. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு ஒரே நாளில் நடந்து போய்த் திரும்பிவிடலாம். ஆயினும் முதல் நிறுவனத்துக்கும் இரண்டாம் நிறுவனத்துக்கும் இடையே ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தன.

வரலாறு மதுரையில் தொடங்குகிறது. தத்துவ போதகர் என்று நம் முன்னோர் அழைத்த இராபர்ட் தெ நொபிலி 1606-இல் மதுரை வந்தார். அவர் ரோமில் இறையியல் பயின்ற காலத்தில், அந்நகரே இந்த ஒரு கேள்வியால் கலங்கியிருந்தது. கடவுளின் அருள் மனிதனை நன்மைக்கு இட்டுச் செல்கிறது என்றால், மனிதன் தானாகச் செய்வது என்ன? மனிதன் தானாகச் செய்கிறான் என்றால், அருளுக்கு வேலை என்ன? 1588-இல் மோலினா என்னும் இயேசு சபைத் துறவி ஒரு பெருநூல் எழுதி மனித சுதந்திரத்துக்கு இடம் தேடினார். பாஞ்ஞெஸ் முதலிய சாமிநாதர் சபை அறிஞர்கள், அது இறையருளின் வல்லமையைக் குறைக்கிறது என்று எதிர்த்தனர். திருத்தந்தை எட்டாம் கிளமெந்து ஒரு குழு அமைத்தார். ஆண்டுக்கணக்கில் வாதங்கள் நடந்தன. இறுதியில் 1607-இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல், இரு தரப்பினரும் தத்தம் கருத்தைக் கற்பிக்கலாம், ஒருவர் மற்றவரைப் பதிதர் என்று பழிக்கலாகாது என்று சொல்லி அவையைக் கலைத்துவிட்டார். தீர்ப்பு வரவில்லை, இன்று வரையிலும் வரவில்லை. திருச்சபை உறுதியாகச் சொன்னது ஒன்றே: ஆதிப் பாவத்தால் மனிதனின் சுதந்திரம் தளர்ந்தது, அழிந்துவிடவில்லை. இதைத் திரிதெந்து பொதுச்சங்கம் 1547-இலேயே வரையறுத்துவிட்டது. எப்படி என்னும் விளக்கத்தைத் திருச்சபை திறந்தே வைத்தது. அந்தத் தயக்கத்தில் அறிவுடைமை இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

ரோமையின் வாதத்தைக் காதில் வாங்கியபடி வந்த நொபிலிக்கு, மதுரையில் அதே கேள்வி வேறு உருவில் காத்திருந்தது. இங்கே மனித விருப்பத்துக்கு எதிரே நின்றது கர்மம், அதாவது முற்பிறவியின் வினை. அவர் பெயரால் வழங்கும் 'புனர்ஜென்ம ஆக்ஷேபம்' என்னும் தமிழ் உரைநடை நூல், செல்வமும் வறுமையும் உயர்வும் தாழ்வும் பழைய பிறவிகளின் பயன் என்னும் கொள்கையை மறுக்க எழுந்தது. ஒருவன் தான் அறியாத பிறவியில் செய்ததற்காக இப்பிறவியில் தண்டனை பெறுகிறான் என்றால், அவனை நோக்கி 'திருந்து' என்று எப்படிச் சொல்வது? நொபிலியின் வாதத்துக்கு அடியில் இக்கவலை இருக்கிறது. அவருடைய தமிழ் நூல்களை இயேசு சபை அறிஞர் அருள்தந்தை இராசமாணிக்கம் பதிப்பித்துத் தந்திராவிட்டால், இன்று நாம் அவற்றைப் படித்திருக்க முடியாது.

தமிழ் மரபிலும் இவ்வழக்கு இருந்தது என்பதை மறக்கலாகாது. வள்ளுவர் அறத்துப்பாலை முடிக்கும்போது ஊழ் என்னும் 38-ஆம் அதிகாரத்தை வைத்து, அதனினும் வலியது ஏது என்று கேட்கிறார். பின்னர்ப் பொருட்பாலில், ஆள்வினையுடைமை என்னும் 62-ஆம் அதிகாரத்தில், சோர்வின்றி முயல்வோர் அந்த ஊழையே புறங்காட்டச் செய்வர் என்கிறார். உரைகாரர்கள் இரண்டையும் பொருத்திக்காட்டப் பாடுபட்டனர். வள்ளுவரோ இரண்டையும் அவ்வவ்விடத்தில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார். நம் வீரமாமுனிவர் 1730-இல் முதல் இரு பால்களை இலத்தீனில் பெயர்த்தபோது இவ்விரண்டு அதிகாரங்களும் சேர்ந்தே ஐரோப்பிய மொழிக்குப் போயின.

நொபிலியிடம் திரும்புவோம். பிறப்பின் தாழ்வு பழவினையின் பயன் அன்று என்று அவர் எழுத்தால் மெய்ப்பித்தார். ஆனால் அப்பிறப்பு வகுத்த எல்லைகளை அவர் அசைக்கவில்லை. பூணூலும் குடுமியும் நாட்டு வழக்கங்களே, சமயச் சின்னங்கள் அல்ல என்று வாதிட்டார். 1623-இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரியார் அவற்றை அனுமதித்தார். உயர்குலத்தாரிடம் ஒரு வகைக் குருக்கள், தாழ்த்தப்பட்டோரிடம் பண்டாரசாமிகள் என்ற ஏற்பாடு 1640-ஐ ஒட்டி உருவாயிற்று. அக்கால நெருக்கடிகளை உணராமல் அவரைப் பழிப்பது நமக்கு முறையன்று; அவர் பட்ட பாடுகளும் பெரியவை. ஆயினும் விளைவைச் சொல்லியாக வேண்டும். கர்மம் என்னும் காரணம் மறுக்கப்பட்டது. கர்மம் வகுத்த இருக்கை அப்படியே இருந்தது. வடக்கன்குளத்துக் கோயிலில் சாதி வாரியாக மக்களைப் பிரித்த தடுப்பு 1910-இல்தான் இடிக்கப்பட்டது. அதையும் எதிர்த்து நீதிமன்றம் சென்றவர்கள் புறச்சமயத்தார் அல்லர், பூசை கண்டு நன்மை வாங்கிய நம்மவரே. சுதந்திர மனத்தைப் பற்றி நூல் எழுதுவது எளிது. ஒரு சுவரை எடுப்பதற்கு இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இனி மலைமேல் ஏறுவோம். 1838-இல் புதிய மதுரை மிஷனாக மீண்டும் வந்த பிரெஞ்சு இயேசு சபையார், கொடைக்கானலில் 1866-இல் சலேத் மாதா கோயிலை எழுப்பினர். பின்னர்ச் செண்பகனூரில் நவதுறவிகளுக்கும் மெய்யியல் மாணவருக்கும் இல்லம் அமைந்தது. தலைமுறை தலைமுறையாக இளந்துறவிகள் அங்கே புனித தோமாவின் வழியில், புத்தி காட்டுவதை மனம் தேர்ந்துகொள்வது எங்ஙனம் என்று கற்றனர். அதே இல்லத்தில் தாவரங்களையும் பூச்சிகளையும் சேகரித்து ஆராய்ந்த அருள்தந்தையர் இருந்தனர். லூயி ஆங்லாது அடிகளார் மலைத் தாவரங்களை வண்ண ஓவியங்களாகத் தீட்டிவைத்தார். அருகிலேயே 1899-இல் சூரிய ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. ஆக, இயற்கையின் மாறா நியதியையும் மனத்தின் சுதந்திரத்தையும் ஒரே மலையில் ஒரே காலத்தில் ஆராய்ந்தனர். குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது: 1994, 2006, 2018. பூக்க மனமில்லை என்று ஒரு செடியும் நின்றதில்லை. மனிதனும் அப்படித்தானா என்று கேட்கும் அறிவியலார் நம் காலத்தில் பலர். 1983-இல் பெஞ்சமின் லிபெட் வெளியிட்ட ஆய்வு அவர்களுக்குக் கைகொடுத்தது. விரலை அசைக்க நினைத்தேன் என்று மனிதன் உணர்வதற்குச் சற்று முன்னரே மூளையில் அதற்கான மின்னசைவு தொடங்கிவிடுகிறது என்பது அவர் கண்டது. ஆனால் அந்த லிபெட்டே, எழுந்த தூண்டலைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் மனத்துக்கு உண்டு என்றும் சொன்னார். மேலும், விரலை எப்போது அசைப்பது என்பது வேறு. வீட்டை விட்டு எப்போது புறப்படுவது என்பது வேறு.

செண்பகனூரில் சுதந்திர மனத்தைப் பற்றிக் கற்றவர்கள் ஆண்கள். அம்மலையின் சிற்றூர்ப் பெண்ணுக்கு, எவ்வளவு படிப்பது, எவனை மணப்பது, எங்கே வாழ்வது என்னும் மூன்றையும் பிறர் முடிவு செய்தனர். அவளுடைய விதி விண்மீன்களில் எழுதப்படவில்லை. வீட்டுத் திண்ணையில் பெரியவர்கள் கூடிப் பேசி எழுதினார்கள். நமக்குத் தெரிந்தவரை, நியதிக் கொள்கையின் மிகப் பெரிய ஆதரவாளர்கள் தங்களைப் பற்றி அதைப் பேசுவதில்லை. 'உன் தலையெழுத்து' என்று சொல்வது எளிது. தன் மகனுக்கு வேலை வாங்க அலைகின்ற தந்தை விதியை நம்பி வீட்டில் இருப்பதில்லை. மகளின் படிப்பை நிறுத்தும்போதுதான் அவருக்கு விதி நினைவுக்கு வருகிறது.

1984-இல் தமிழ்நாடு அரசு பெண்களுக்கென ஒரு பல்கலைக்கழகத்தைச் சட்டமியற்றி நிறுவி, அப்போது உயிரோடு இருந்த ஒரு கன்னியரின் பெயரை அதற்கு வைத்தது. அட்டுவம்பட்டியில் இன்று அதன் வளாகம் நிற்கிறது. பட்டம் பெற்றதாலேயே ஒருத்தி சுதந்திரம் அடைந்துவிடுகிறாள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தேர்ந்துகொள்வதற்கு இரண்டு வழியாவது கண்முன் இருந்தால்தான் தேர்வு என்னும் சொல்லுக்குப் பொருள் உண்டு. ஒரே வழியுள்ள இடத்தில், 'உனக்குச் சுயாதீனம் உண்டு' என்று மெய்யியல் கற்பிப்பது கேலிபோல் முடியும்.

அந்தப் பெயருக்கு உரியவரின் வாழ்வே நம் கேள்விக்கு ஒரு விரிவுரை. 1910-இல் ஸ்கோப்யே நகரில் பிறந்தவர், பதினெட்டு வயதில் லொரேட்டோ சபையில் சேரத் தாயை விட்டுப் புறப்பட்டார். கல்கத்தாவில் ஆசிரியையாக இருந்தார். 1946 செப்டம்பர் 10-ஆம் நாள் தார்ஜிலிங் மலைக்குச் செல்லும் ரயிலில், ஏழையருள் ஏழையரிடம் செல்லும்படி தமக்கு அழைப்பு வந்ததாக உணர்ந்தார். விதி என்றால் அங்கேயே முடிந்திருக்கும். ரயிலை விட்டு இறங்கிச் சேரிக்குச் சென்றிருப்பார். அவர் செய்தது வேறு. பேராயர் பெரியேவுக்கு எழுதினார், பேராயர் பொறுத்திருக்கச் சொன்னார், மீண்டும் எழுதினார். அவருடைய ஆர்வம் மெய்யா மயக்கமா என்று மற்றவர்கள் சோதித்துப் பார்க்க இடம் கொடுத்தார். இரண்டு ஆண்டுக்குப் பின், 1948 ஆகஸ்டில்தான் மடத்தை விட்டு வெளியே கால் வைத்தார்.

இதனினும் ஆழ்ந்த செய்தி 2007-இல் அவருடைய கடிதங்கள் நூலாக வெளிவந்தபோது தெரிந்தது. பணியைத் தொடங்கிய காலம் முதல் நெடுங்காலம், ஏறக்குறைய வாழ்நாள் இறுதி வரை, கடவுள் தம்மோடு இருக்கிறார் என்னும் உணர்வே அவருக்கு இல்லாமல் போயிற்று. செபத்தில் ஆறுதல் இல்லை. உள்ளே இருள். அழைத்த குரலும் பிறகு கேட்கவில்லை. இன்பமோ உணர்ச்சியோ அவரைத் தள்ளிக்கொண்டு போகவில்லை என்றால், நாள்தோறும் விடியலில் எழுந்து நோயாளியின் புண்ணைக் கழுவ அவரை இட்டுச் சென்றது எது? நியதிக் கொள்கையர் பழக்கம் என்பார்கள். இருக்கட்டும். ஒருமுறை கொடுத்த சொல்லை, கொடுக்கத் தூண்டிய இனிமை போன பின்பும் மீண்டும் மீண்டும் கொடுப்பதற்கு நாம் சுதந்திரம் என்றே பெயரிடுவோம்.

மூவேளைச் செப மணி அடிக்கும்போதெல்லாம் நாம் நினைவுகூர்வதும் இத்தகைய ஒரு பெண்ணின் விடையையே. மரியாளின் கீழ்ப்படிதலைக் காட்டி நம் பெண்பிள்ளைகளுக்கு அடக்கம் கற்பிக்கிறோம். லூக்கா எழுதியதைச் சற்று நின்று படித்தால் வேறொன்று தெரியும். வானதூதர் அவளுடைய தந்தையிடம் போகவில்லை. மண ஒப்பந்தமான யோசேப்பிடமும் முதலில் போகவில்லை. நாசரேத்துப் பெண்ணிடமே நேரே வந்தார். அவள் உடனே தலையசைக்கவும் இல்லை, இது எப்படி ஆகும் என்று கேட்டாள், விளக்கம் பெற்றாள், பிறகே இசைந்தாள். அவள் வாய் திறக்கும் வரை மண்ணும் விண்ணும் காத்திருப்பதாகப் புனித பெர்நார்து ஒரு மறையுரையில் வர்ணித்தார். தேவசித்தம் என்பது இப்படிக் கேட்டுவிட்டு விடைக்காகக் காத்திருக்கும் சித்தம். தலையெழுத்து யாருடைய விடைக்கும் காத்திருப்பதில்லை. கர்த்தர் கற்பித்த செபத்தின் மூன்றாம் விண்ணப்பமும் தேவசித்தம் நிறைவேற வேண்டும் என்று வேண்டுகிறது. எல்லாம் முன்பே நிறைவேறிக்கொண்டிருந்தால் வேண்டுவதற்கு என்ன இருக்கிறது?

இந்த வேறுபாடு நம் பங்குகளில் மெய்யாகவே சோதிக்கப்படும் இடம் ஒன்று உண்டு: திருமணம். திருமணத்தை ஆக்குவது மணமக்களின் சம்மதமே, அதை வேறு எந்த மனித அதிகாரமும் அவர்களுக்காகக் கொடுத்துவிட முடியாது என்று திருச்சபைச் சட்டம் கூறுகிறது. அச்சுறுத்தியோ வற்புறுத்தியோ பெற்ற சம்மதத்தால் அமைந்த மணம், பீடத்தின் முன் எத்தனை பேர் பார்க்க நடந்தாலும், செல்லாது. இதைவிடத் தெளிவாக மனித சுதந்திரத்தைப் போற்றிய சட்டம் அரிது. ஆனால் வழக்கில் என்ன நடக்கிறது? மண்டபம் முன்பணம் கொடுத்துப் பிடிக்கப்படுகிறது, அழைப்பிதழ் அச்சாகிறது, நகை செய்யப்படுகிறது, மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கப்படுகிறது. இன்னின்ன உறவுமுறை தடை, இன்னின்ன ஏற்கெனவே முடித்த மணம் தடை என்று மக்களுக்குத் தெரியும். பெண்ணுக்கு மனமில்லை என்பதும் ஒரு தடைதான் என்பது எத்தனை குடும்பங்களுக்குத் தெரியும்? ஓலை வாசிப்பதற்கு முன் பங்குத்தந்தை மணமகனையும் மணமகளையும் தனித்தனியே அழைத்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லையே என்று விசாரித்து எழுதிக்கொள்கிறார். அவ்விசாரணைக்குப் பல இடங்களில் ஐந்து நிமிடம்கூட ஆவதில்லை. உள்ளே பெண் தனியாக அமர்ந்திருக்க, அறை வாசலில் தாய்மாமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிற்கிறார்.