முன்பா, பின்பா? இரகசிய வருகைச் சண்டையின் வரலாறு

இயேசு கிறிஸ்து திரும்பவும் வருவார் என்பதில் கிறிஸ்தவர்களுக்குள் பெரிய சண்டை எதுவும் இல்லை. இன்ன தேதியில் வருவார் என்று நாள் குறித்தவர்கள் அவ்வப்போது கிளம்பியதுண்டு. 1844ல் அமெரிக்காவில் வில்லியம் மில்லரை நம்பியவர்களும், 2011ல் ஹெரால்ட் கேம்பிங்கை நம்பியவர்களும் காத்திருந்து ஏமாந்தார்கள். ஆனால் தேதியே குறிக்காமல், வெறும் வரிசையை மட்டும் வைத்து ஒரு சண்டை இருநூறு ஆண்டுகளாக நடந்துகொண்டிருக்கிறது. எது முதலில், எது அடுத்து என்பதுதான் பிரச்சினை. இதற்காக நண்பர்கள் பிரிந்தார்கள், சபைகள் உடைந்தன, வேலைகள் போயின.

முதலில் விஷயத்தைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வது நல்லது. தெசலோனிக்கே ஊர் சபைக்குப் பவுல் எழுதிய முதல் கடிதத்தின் நாலாம் அதிகாரத்தில், கர்த்தர் வரும்போது மரித்த விசுவாசிகள் எழுந்திருப்பார்கள், உயிரோடிருப்பவர்களும் அவர்களோடுகூட மேகங்களில் எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்று வருகிறது. அந்த 'எடுத்துக்கொள்ளப்படுதல்' என்பதற்கு லத்தீன் பைபிளில் உள்ள சொல்லில் இருந்துதான் 'ராப்சர்' என்ற ஆங்கிலச் சொல் வந்தது. தமிழ்ச் சபைகளில் இதை 'சபை எடுத்துக்கொள்ளப்படுதல்' என்பார்கள், 'இரகசிய வருகை' என்றும் சொல்வார்கள். இன்னொரு பக்கம், உலக முடிவுக்கு முன் அந்திக்கிறிஸ்து ஆளும் ஏழு ஆண்டு உபத்திரவ காலம் உண்டு என்று தானியேல் 9ம் அதிகாரத்தின் கடைசி 'வாரத்தை' வைத்துக் கணக்குச் சொல்கிறார்கள் (இங்கே ஒரு வாரம் என்பது ஏழு ஆண்டுகள்). இந்த இரண்டில் எது முன், எது பின்?

உபத்திரவத்துக்கு முன்பே சபை எடுக்கப்பட்டுவிடும் என்பது ஒரு கட்சி. இல்லை, சபையும் உபத்திரவத்தைக் கடந்துதான் ஆக வேண்டும், அதன் முடிவில்தான் கிறிஸ்து வருவார் என்பது எதிர்க்கட்சி. நடுவில் மூன்றரை ஆண்டில் நடக்கும் என்பவர்களும் உண்டு. ஆயத்தமாக விழித்திருப்பவர்கள் மட்டும் முதலில் போவார்கள் என்று பரீட்சை முடிவு போலச் சொல்பவர்களும் உண்டு! (இந்தக் கடைசிக் கருத்தை 1850களில் எழுத்தில் வைத்தவர் இங்கிலாந்தின் ராபர்ட் கோவெட்.) கத்தோலிக்கர், ஆர்த்தடாக்ஸ், லுத்தரன் சபைகள் இந்த விவாதத்துக்குள்ளேயே வருவதில்லை. அவர்களுக்கு வருகை ஒன்றே ஒன்றுதான்.

பழைய வரலாற்றைப் பார்த்தால், இரண்டாம் நூற்றாண்டின் ஐரேனியஸ் போன்றவர்கள் சபை அந்திக்கிறிஸ்துவின் கையில் துன்பப்படும் என்றே எழுதினார்கள். அதாவது பழைய எழுத்துக்கள் இரண்டாவது கட்சிக்கே சாதகம். 1788ல் அமெரிக்க பாப்டிஸ்ட் போதகர் மார்கன் எட்வர்ட்ஸ் வெளியிட்ட ஒரு சிறு நூலில் மூன்றரை ஆண்டு இடைவெளி வருகிறது என்றாலும், அது யாரையும் அசைக்கவில்லை. அசைத்தவர் ஜான் நெல்சன் டார்பி.

டார்பி அயர்லாந்தில் ஆங்கிலிக்கன் குருவாக இருந்தவர். 1827ல் குதிரையில் அடிபட்டுப் படுத்திருந்த மாதங்களில்தான் தன் கருத்துக்கள் உருவாகின என்று பின்னாளில் சொன்னார். சபை வேறு, இஸ்ரவேல் வேறு என்பது அவர் வாதத்தின் அடித்தளம். சபை பரலோகத்துக்குரிய ஜனம், இஸ்ரவேல் பூமிக்குரிய ஜனம். தானியேலின் கடைசி வாரம் இஸ்ரவேலுக்குரியது, அதில் சபைக்கு வேலையே இல்லை. ஆகவே அது தொடங்கும் முன்பே சபை போய்விட வேண்டும். அது எந்த நிமிடமும் நடக்கலாம். 1830களின் தொடக்கத்தில் அயர்லாந்தின் பவர்ஸ்கோர்ட் மாளிகையில் நடந்த தீர்க்கதரிசன மாநாடுகளில் இதெல்லாம் பேசப்பட்டது.

இது டார்பியின் சொந்தச் சரக்கல்ல, 1830ல் ஸ்காட்லாந்தில் மார்கரெட் மக்டொனால்ட் என்ற இளம்பெண் கண்ட தரிசனத்தில் இருந்து எடுத்தது என்று எதிராளிகள் சொல்வதுண்டு. அந்தத் தரிசனத்தின் எழுத்து வடிவத்தைப் படித்தால், சபை சோதனையைக் கடந்துபோகும் என்றுதான் அதிலும் இருக்கிறது. குற்றச்சாட்டு சுவாரசியமானதே தவிர வலுவானதல்ல.

டார்பியை முதலில் எதிர்த்தவர் வெளியாள் இல்லை, கூடவே இருந்தவர். பெஞ்சமின் வில்ஸ் நியூட்டன், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர், பிளிமத் நகரில் சகோதரர் சபையை நடத்தியவர். (புவியீர்ப்பு நியூட்டனுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.) நியூட்டனுக்கு டார்பியின் வரிசை ஏன் பிடிக்கவில்லை? மத்தேயு 24ல் இயேசு உபத்திரவத்தைப் பற்றிச் சீஷர்களிடம் சொல்கிறார். அது சபைக்கல்ல, யூதருக்குச் சொன்னது என்று டார்பி ஒதுக்கினார். அப்படி ஒதுக்க ஆரம்பித்தால் சுவிசேஷங்களில் எதுதான் நமக்குரியது? இது கிறிஸ்தவத்தையே விட்டுக்கொடுப்பதற்குச் சமம் என்று நியூட்டன் நினைத்தார். சண்டையின் கனம் இங்கேதான் இருக்கிறது. ஏழு ஆண்டு முன்பின் என்பது மேலே தெரிவது. அடியில் இருப்பது, பைபிளின் எந்தப் பக்கம் யாருக்கு எழுதப்பட்டது என்ற கேள்வி.

நியூட்டன் வெளிப்படுத்தின விசேஷத்தைப் பற்றி ஒரு நூல் எழுத, டார்பி அதற்கு மிக நீண்ட மறுப்பு எழுதினார். 1845 மார்ச்சில் சுவிட்சர்லாந்தில் இருந்து பிளிமத்துக்கே வந்து இறங்கினார். நியூட்டன் சபையைத் தன் கைக்குள் வைத்திருக்கிறார், குருவைப் போல நடக்கிறார் என்று குற்றம் சாட்டினார். அந்த ஆண்டு முடிவதற்குள் அதே ஊரில் தனியாக இராப்போஜனம் நடத்தத் தொடங்கிவிட்டார். 1847ல் கிறிஸ்துவின் மனிதத் தன்மையைப் பற்றி நியூட்டன் முன்பு பேசிய ஒரு போதனையின் குறிப்புகள் வெளிவந்தன. அது துர்உபதேசம் என்று ஆயிற்று. அவர் தவறை ஒப்புக்கொண்டு அதைத் திரும்பப் பெற்றார். அப்படியும் பயனில்லை, பிளிமத்தை விட்டே போனார். வருகையின் வரிசையில் தொடங்கிய மனக்கசப்பு, கடைசியில் வேறொரு குற்றத்தின் பெயரில் தீர்த்துக்கொள்ளப்பட்டது என்றுதான் இதைப் படிக்கத் தோன்றுகிறது.

அதோடும் நிற்கவில்லை. நியூட்டனின் சபையில் இருந்து வந்த சிலரை பிரிஸ்டலில் ஜார்ஜ் முல்லரின் சபை ஏற்றுக்கொண்டது (அநாதை இல்லங்களுக்குப் பேர்போன அதே முல்லர்தான்). அதற்காக 1848ல் டார்பி அந்தச் சபையையே விலக்கினார். சகோதரர் சபை இரண்டாக உடைந்தது, இன்றுவரை ஒட்டவில்லை. முல்லரின் மைத்துனர் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் 1836லேயே டார்பிக்கு ஒரு கடிதம் எழுதி, இப்படியே போனால் எதை எதிர்க்கிறீர்கள் என்பதுதான் உங்கள் அடையாளமாகிவிடும் என்ற பொருளில் எச்சரித்திருந்தார். இந்தக் குரோவ்ஸ் பிறகு சித்தூரில் ஊழியம் செய்தவர். திருநெல்வேலிப் பக்கத்து ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் இவரோடு இருந்தவர்தான். நம் பக்கம் சகோதரர் சபை வந்த வழி அது.

டார்பி 1862ல் இருந்து ஏழு முறை வட அமெரிக்காவுக்குப் போனார். அங்கே நயாகரா மாநாடு என்று ஆண்டுதோறும் கூடிய போதகர்களிடம் அவர் கருத்து வேர்விட்டது. ஜேம்ஸ் ப்ரூக்ஸ் அதன் தலைவர். ஆனால் அதே மேடையில் இருந்த நதானியேல் வெஸ்டும் ராபர்ட் கேமரனும் 1890களில் 'எந்த நிமிடமும்' என்பதைக் கேள்வி கேட்டார்கள். அவர்கள் தரப்பு வாதம் எளிமையானது, ஆனால் கூர்மையானது. பேதுரு முதிர்ந்த வயதில் கொல்லப்படுவான் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். அப்படியானால் பேதுரு கிழவனாகும்வரை எந்த நிமிடமும் வருகை நடக்கலாம் என்று அப்போஸ்தலர்கள் எப்படி எதிர்பார்த்திருக்க முடியும்? இதற்கு மறுபக்கத்தார் கேட்டதும் அலட்சியப்படுத்தக்கூடியதல்ல: முதலில் அந்திக்கிறிஸ்து வர வேண்டும் என்றால், விசுவாசி கிறிஸ்துவுக்காகக் காத்திருக்கிறானா, அவனுக்காகவா?

1897ல் ப்ரூக்ஸ் இறந்தார். சமாதானம் செய்ய ஆள் இல்லை. 1900க்குப் பிறகு நயாகரா மாநாடு நடக்கவே இல்லை. வாதத்தில் யார் வென்றார்கள் என்பதைவிட, அச்சில் யார் வென்றார்கள் என்பதே பின்னால் முக்கியமாகிவிட்டது. டார்பி வழியில் நின்ற சி. ஐ. ஸ்கோஃபீல்ட், பைபிள் வசனங்களுக்குக் கீழேயே தன் விளக்கக் குறிப்புகளைச் சேர்த்து, 1909ல் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக அச்சகம் மூலம் வெளியிட்டார். வசனமும் விளக்கமும் ஒரே பக்கத்தில். ஒரு தலைமுறைக்கு எது வசனம், எது ஸ்கோஃபீல்ட் என்பதே மறந்துபோயிற்று. 1970ல் ஹால் லிண்ட்சேயின் நூலும், 1995ல் தொடங்கிய 'லெஃப்ட் பிஹைண்ட்' நாவல்களும் அதே வரிசையை விமான நிலையப் புத்தகக் கடை வரை கொண்டுபோயின.

எதிர்க்கட்சி ஓய்ந்துவிடவில்லை. 1956ல் ஜார்ஜ் எல்டன் லேட் என்ற பேராசிரியர் உபத்திரவத்துக்குப் பிந்திய வருகையை ஆதரித்து ஒரு நூல் எழுதினார். அடுத்த ஆண்டே டல்லாஸ் இறையியல் கல்லூரித் தலைவர் ஜான் வால்வூர்ட் மறுபக்கத்துக்கு எழுதினார். இரண்டு தரப்பும் பல வசனங்களைச் சேர்த்துப் பார்த்து எடுத்த முடிவே தவிர, நேரடியாக ஒரே வசனத்தில் சொல்லப்பட்டது அல்ல என்று வால்வூர்ட் அதில் ஒப்புக்கொண்டிருந்தார். நூறாண்டுச் சண்டையில் இவ்வளவு நேர்மையான வரி அபூர்வம். ஆனாலும் பல அமெரிக்கக் கல்லூரிகளிலும் மிஷன் அமைப்புகளிலும் வேலைக்குச் சேர, 'முன்பே' என்று எழுதிய விசுவாச அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

அப்படி ஒரு அமைப்பின் தலைவராக இருந்தவர் மார்வின் ரோசென்தால், யூதர்களிடையே ஊழியம் செய்தவர். பல ஆண்டுகள் 'முன்பே' என்று பிரசங்கித்தவர், ஒரு நண்பரின் கேள்விகளால் மறுபடி படிக்க உட்கார்ந்தார். சபை ஏழு ஆண்டின் பெரும்பகுதியைக் கடந்து, தேவகோபம் ஊற்றப்படுவதற்குச் சற்று முன் எடுக்கப்படும் என்ற முடிவுக்கு வந்தார். 1989ல் அமைப்பை விட்டு வெளியேறினார். அடுத்த ஆண்டு அவர் வெளியிட்ட நூலால் ஏற்கெனவே இருந்த கட்சிகளோடு இன்னொன்றும் சேர்ந்தது.